சி.டி. படத்தில் ஒரு வெள்ளை வளையம்

தானேயிலிருந்து வரும் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே மும்பையின் சயானில் முடிகிறது. ஒரு பக்கம் சென்ட்ரல் லைன், இன்னொரு பக்கம் ஹார்பர் லைன். சென்ட்ரல் லைனைத் தாண்டினால் தாராவி, தெற்கே நடந்தால் மாட்டுங்கா, கிழக்கே போனால் செம்பூர். இத்தனைக்கும் நடுவில் நிற்கிறது லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. கேஸ் பேப்பரில்தான் இந்த முழுப் பெயர். தாராவித் தமிழருக்கு அது எப்போதும் சயான் ஆஸ்பத்திரி.

அங்கே யார் வருவார்கள் என்பதை அது நிற்கும் இடமே தீர்மானித்துவிடுகிறது. ஹைவேயில் பைக்கோடு சறுக்கியவர், லோக்கலில் தொங்கிக்கொண்டு வந்து கம்பத்தில் தலை மோதியவர், தாராவியின் ஒற்றை அறை வீட்டில் மேல்தளத்துக்குப் போகும் செங்குத்தான இரும்பு ஏணியிலிருந்து தவறிய குழந்தை என்று தலைக்காயங்கள் ஒரு வரிசை. ஒன்றரை மாதமாக இருமல் நிற்காதவர், சட்டை தளர்ந்துகொண்டே போகிறவர், சளியில் ரத்தம் பார்த்துப் பதறி வந்தவர் என்று நெஞ்சு நோயாளிகள் இன்னொரு வரிசை. 2006 ஜூலை 11 மாலை லோக்கல் ரயில்களில் குண்டுகள் வெடித்தபோது, மாட்டுங்கா ரோடு, மாஹிம் பக்கம் அடிபட்ட பலரைத் தூக்கிக்கொண்டு ஓடியது இங்கேதான். குண்டின் அழுத்த அலை மூளையையும் நுரையீரலையும் ஒரே நொடியில் கலக்கிவிடக்கூடியது.

இந்த இரண்டு வரிசையும் கடைசியில் ஒரே அறைக்குத்தான் போகின்றன. சி.டி. ஸ்கேன் அறைக்கு. கையில் ஃபிலிம் வந்ததும் வீட்டார் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: “டாக்டர், படத்துல என்ன நோய்னு வந்திருக்கு?”

நோயின் பெயரை அந்தப் படம் சொல்லாது. எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக, எவ்வளவு அடர்த்தியாக ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதற்குப் பெயர் வைப்பது மனிதர்களின் வேலை. அந்த வேலையில் ஏற்படும் தவறுதான் நம் ஊர்களில் பல குடும்பங்களைத் தேவையில்லாத மாத்திரைகளோடு மாதக்கணக்கில் அலையவிடுகிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

முதலில் அந்தக் கருவி எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

பழைய தமிழ்ப் பாட்டு ரெக்கார்டுகளில் குழாய் ஒலிபெருக்கி முன் நாய் உட்கார்ந்திருக்கும் ஹெச்.எம்.வி. முத்திரை பலருக்கு நினைவிருக்கும். அந்த முத்திரைக்குச் சொந்தமான பிரிட்டிஷ் கம்பெனி இ.எம்.ஐ. அங்கே வேலை பார்த்த பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். முனைவர் பட்டம் பெறாதவர். உடலைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் மறுபக்கம் வந்தது என்று அளந்து, அந்த எண்களிலிருந்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம் என்று அவர் நம்பினார். அவருடைய முதல் சோதனைக் கருவிக்கு ஒரு பொருளை அளந்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மூளைக் கட்டி என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணின் தலையை அந்தக் கருவி முதன்முறையாகப் படம்பிடித்தது. மண்டையோட்டைத் திறக்காமல் உயிருள்ள மூளையின் குறுக்குவெட்டைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

அதே 1971இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணன். ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்தவர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டுபிடித்தவர். பல கோணங்களில் கிடைத்த நிழல்களை அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் படம் மங்கலாகக் கலங்கிப்போகும். சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நிழலையும் ஒரு குறிப்பிட்ட கணக்கு வடிகட்டி வழியாக அனுப்பினால் விளிம்புகள் கூர்மையாக மீளும், கணக்கும் விரைவாக முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். இன்றைக்கும் உலகில் எந்த நாட்டில் சி.டி. கணக்கைப் படிக்கும் மாணவரும் ‘ராம்-லாக் ஃபில்டர்’ என்ற பெயரைக் கடக்காமல் போக முடியாது. 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இந்தக் கணிதத்தை அவருக்கு முன்பே தனியாக எழுதிவைத்திருந்த ஆலன் கார்மாக்குக்கும் போனது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ராமச்சந்திரனின் பெயர் நம் பள்ளிப் பாடப் புத்தகங்களில் இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கருவி தரும் படம் உண்மையில் எண்களின் தொகுப்பு. தண்ணீருக்குப் பூஜ்யம், காற்றுக்குக் கழித்தல் 1000, கெட்டியான எலும்புக்கு 1000-க்கும் மேலே. கொழுப்பு கழித்தல் 100 பக்கம் வரும். மூளைத் திசு முப்பது, நாற்பது. உறைந்த புது ரத்தம் அறுபது, எழுபது. கண்ணுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிவதெல்லாம் இந்த எண்கள்தான். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும், மூளைக்குள் கசிந்த ரத்தம் வெள்ளையாகவும் தெரிவதற்கும் இதுவே காரணம்.

தலைக்காயத்தில் இந்த வெள்ளை உயிரைக் காப்பாற்றுகிறது. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் இடையில் தமனி கிழிந்து ரத்தம் சேர்ந்தால், படத்தில் அது இருபுறமும் புடைத்த லென்ஸ் வடிவில் தெரியும். உறைக்கு உள்பக்கம் சேர்ந்தால் பிறை வடிவம். முதல் வகையின் கொடுமை என்னவென்றால், அடிபட்டவர் மயங்கி விழுந்து, பிறகு எழுந்து, “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்” என்று பேசுவார். டீ கூடக் குடிப்பார். சில மணி நேரத்தில் தூக்கம் வருகிறது என்பார். அந்தத் தூக்கத்தைத் தூக்கம் என்று நம்பிப் படுக்கவைத்து இழந்த உயிர்கள் ஏராளம். ஏணியிலிருந்து விழுந்த பிள்ளை ஒரு தடவைக்கு மேல் வாந்தி எடுத்தால், கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டால், வலிப்பு வந்தால், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிந்தால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர் தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அப்படிப்பட்டவருக்குப் படம் எடுத்தே ஆகவேண்டும்.

பக்கவாதத்தில் கதை தலைகீழ். வாய் கோணிப்போய், ஒரு கை விழுந்துபோய் வருகிறவருக்கு முதல் கேள்வி: ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. வெடித்திருந்தால் சி.டி.யில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைத்திருந்தால் முதல் சில மணி நேரம் படம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். “சி.டி. நார்மல்னு சொல்லிட்டாங்க” என்று நிம்மதியோடு வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு. அந்த நார்மலுக்கு, ரத்தக் கசிவு இல்லை, அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடலாம் என்றே அர்த்தம். அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் அந்த ஊசி போயாக வேண்டும். சுத்தமான படம் அவசரத்தின் தொடக்கம். வீட்டுக்குப் போக அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி வளையத்துக்கு வருவோம்.

இருபது வயதுப் பையன். நேற்றுவரை வேலைக்குப் போனவன். இன்று காலையில் திடீரென்று வலிப்பு. டை ஊசி போட்டு சி.டி. எடுத்தால் மூளையின் மேற்பரப்புக்குப் பக்கத்தில் சின்னதாக, ஒரு சென்டிமீட்டர் அளவில் வெள்ளை வளையம், சுற்றிலும் கறுப்பாக வீக்கம். இந்தியாவில் சி.டி. பரவத் தொடங்கிய 1980களில் இந்தப் படம் நாடு முழுக்க வந்துகொண்டே இருந்தது. மேலைநாட்டுப் புத்தகங்களில் இதற்கு நேரான விளக்கம் இல்லை. டி.பி. மலிந்த நாடு என்பதால், இதையும் மூளையில் வந்த டி.பி. கட்டி என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் டி.பி. மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. சில மாதம் கழித்துப் படம் எடுத்தால் வளையம் காணாமல் போயிருக்கும். மருந்து வேலை செய்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

வேலூர் சி.எம்.சி.யின் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறைக்கு இந்த மகிழ்ச்சி போதவில்லை. மருந்தே கொடுக்காத சிலருக்கும் வளையம் மறைந்துகொண்டிருந்தது. மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரின் குழு, படத்தை வைத்து ஊகிப்பதை நிறுத்திவிட்டு, அந்த வளையங்களிலிருந்தே திசுவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றில் இருந்தது டி.பி. இல்லை, பன்றி நாடாப்புழுவின் சாகும் நிலையிலிருந்த இளம்புழு. 1989இல் லான்செட் இதழில் இது வெளியானது. வளையம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கிறதா, மூளை அழுத்தம் கூடியிருக்கிறதா, கை கால் பலவீனம் நாளுக்கு நாள் ஏறுகிறதா என்று கேட்டு, எந்த வளையத்தைத் தொடாமல் காத்திருக்கலாம் என்பதற்கு அவர்கள் விதிமுறை வகுத்தார்கள். இறந்த புழுவை உடல் தானாகவே கரைத்துவிடும். வலிப்பு மாத்திரையோடு பொறுமையாக இருந்து மறுபடி படம் எடுத்தால் போதும். பிறகு வேலூர் மாவட்டத்தில் ஐம்பதாயிரம் பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில், வலிப்பு நோயோடு வாழ்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம் என்று தெரிந்தது. 2006இல் அது வெளியானது.

நம் மருத்துவ வரலாற்றில் நான் மிக மதிக்கும் வேலைகளில் இது ஒன்று. எவ்வளவு பேரை மண்டையைத் திறக்கும் அறுவைச் சிகிச்சையிலிருந்தும், ஈரலைக் கெடுக்கக்கூடிய மாத்திரைகளிலிருந்தும் அது காப்பாற்றியிருக்கும்!

“நாங்க சைவம், எங்களுக்கு எப்படிப் பன்றிப் புழு?” என்று மாட்டுங்கா வீடுகளில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பன்றிக் கறியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளை நோய்க்குக் காரணம் அந்தப் புழுவின் முட்டை. குடலில் புழு உள்ளவரின் மலத்திலிருந்து அந்த முட்டை தண்ணீருக்கும், கைக்கும், சரியாகக் கழுவாத கீரைக்கும் வந்து, யார் வயிற்றுக்கும் போகலாம். பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் சந்துகளிலும், அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்கள் சமைக்கும் வீடுகளிலும் ஆபத்து ஒன்றுதான்.

அதற்காக வளையம் என்றாலே புழு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. டி.பி. கட்டியும் வளையமாகவே வரும். பெரும்பாலும் அது இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டும், ஓரம் ஒழுங்கற்றிருக்கும், பல வளையங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். புழுவின் வளையத்துக்குள் சில நேரம் அதன் தலை ஒரு புள்ளியாகத் தெரியும். சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. வேண்டும். கூடவே இன்னொரு வேலையும் செய்ய வேண்டும்: நெஞ்சைப் பார்ப்பது. மூளையில் டி.பி. இருப்பவர்களில் பலருக்கு நுரையீரலிலும் அதன் தடயம் இருக்கும். அங்கிருந்து சளி எடுத்துச் சோதித்து டி.பி. உறுதியானால், மண்டைக்குள் கையே வைக்காமல் மூளை நோயின் பெயர் பெரும்பாலும் கிடைத்துவிடும். உலகத்து டி.பி. நோயாளிகளில் நாலில் ஒருவர் இருக்கும் நாட்டில், தாராவிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில், நுரையீரல் படமும் மூளைப் படமும் ஒரே மேஜைக்கு வரவேண்டிய காரணம் இதுதான். குழந்தைகளுக்கு டி.பி. மூளைக்காய்ச்சல் வந்தால் மூளைக்குள் நீர் தேங்கி விரிவதை சி.டி. உடனே காட்டிவிடும். குழாய் வைத்து அந்த நீரை வடிப்பதற்குக் கிடைக்கும் ஒன்றிரண்டு நாள்கூட அந்தக் குழந்தையின் பேச்சையும் நடையையும் காப்பாற்றக்கூடும்.

நுரையீரலில் குழப்பம் வேறு திசையில் வருகிறது. டி.பி. கிருமி இருக்கிறது என்று சொல்வது சளிப் பரிசோதனை. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் சோதனை இரண்டு மணி நேரத்தில், ரிஃபாம்பிசின் மருந்து அந்தக் கிருமியிடம் எடுபடுமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. இந்த இரண்டாவது தகவலைத் தர எந்த சி.டி.யாலும் முடியாது. தாராவியிலிருந்து நடக்கும் தூரத்தில், மாஹிமில் இருக்கும் இந்துஜா மருத்துவமனையிலிருந்துதான் டாக்டர் ஜரிர் உத்வாடியாவின் குழு, 2011 கடைசியில், சோதித்த எந்த மருந்துக்கும் மடங்காத டி.பி. பற்றி உலகத்துக்கு அறிவித்தது. அந்த நோயாளிகளின் படத்தையும் சாதாரண டி.பி. நோயாளியின் படத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்த நிபுணராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

சிகிச்சை முடிந்தவர்களின் நிலைமை இன்னும் வருத்தமானது. ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு டி.பி. குணமானவரின் நுரையீரலில் வடுவும், சுண்ணாம்புப் படிவும், சில நேரம் வெறும் குழியும் மிச்சமிருக்கும். ஐந்து வருடம் கழித்து மழைக்காலத்தில் இருமல் வரும். தெரு முனை டாக்டர் ஸ்கேன் எழுதுவார். ரிப்போர்ட்டில் ‘பழைய காசநோயின் தடயங்கள்’ என்று வரும். அதில் ‘பழைய’ என்பதை விட்டுவிட்டு மறுபடி டி.பி. மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். சளியைச் சோதிக்காமல், வடுவை நோய் என்று எண்ணி மனிதர்களை இரண்டாம் முறை நோயாளி ஆக்குவதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. அந்தப் பழைய குழியில் பூஞ்சை உருண்டையாக வளர்ந்து ரத்தம் கக்கவைப்பதும் உண்டு. அதற்கு வைத்தியம் வேறு. அதைக் கண்டுபிடிக்க சி.டி.யைப் போன்ற துணை இல்லை. மல்லாந்து படுத்த வாக்கிலும் குப்புறவும் படம் எடுத்தால் உருண்டை குழிக்குள் இடம் மாறுவதே தெரியும்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. நுரையீரல் புற்றுநோயை டி.பி. என்று நினைத்து மாத்திரை கொடுத்து, மாதங்கள் கடந்த பிறகு பரேல் டாட்டா மெமோரியலுக்கு அனுப்புவது. அமெரிக்காவில் கடுமையாகப் புகைபிடித்த 53,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு, குறைந்த கதிர்வீச்சு சி.டி.யால் ஆண்டுதோறும் சோதித்தால் நுரையீரல் புற்று மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று 2011இல் காட்டியது. அதை அப்படியே இங்கே இறக்க முடியாது. நம்மவர்களின் நுரையீரலில் பழைய டி.பி. விட்டுச்சென்ற முடிச்சுகள் அத்தனை. ஒவ்வொன்றையும் புற்று என்று துரத்தினால் ஊசி குத்தியே ஆளை நோகடித்துவிடுவோம். தாராவியில் கும்பார்வாடாவின் சூளைப் புகையில் வளர்ந்தவர், அங்கேயே பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் உருக்கும் காற்றைச் சுவாசித்தவர் ஆகியோரின் மூச்சு வரலாற்றைக் கேட்காமல் அவர்கள் படத்தைப் படிப்பதும் அரைகுறை வேலைதான்.

சி.டி. என்ற சொல் வீடு வீடாகப் போனது கொரோனாவில். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியின் முதல் நோயாளி சயான் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதன் பிறகு வந்த மாதங்களில் “ஸ்கோர் எவ்வளவு?” என்பதே விசாரிப்பு. சி.டி.யில் தெரியும் நுரையீரல் பாதிப்புக்கு இருபத்தைந்துக்கு எத்தனை என்று ஃபோனில் சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். கட்டணம் எகிறியதால் 2020 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு, கருவியின் திறனைப் பொறுத்து 2,000 முதல் 3,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அப்போதும் லேசான காய்ச்சலுக்கே மூன்று நாளுக்கு ஒரு ஸ்கேன் எடுத்தவர்கள் இருந்தார்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் சொன்னதை அவர்கள் கவனித்திருந்தால் பல படங்கள் தேவைப்பட்டிருக்காது. 2021 மே மாதம் எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா, ஒரு சி.டி. 300 முதல் 400 எக்ஸ்ரேவுக்குச் சமம் என்று எச்சரித்தார். புதுக் கருவிகளுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று ரேடியாலஜிஸ்டுகள் மறுத்தார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. வழக்கமான நெஞ்சு சி.டி.யில் ஐந்து முதல் ஏழு மில்லிசீவர்ட் கதிர்வீச்சு போகும். குறைந்த அளவில் எடுத்தால் ஒன்று, ஒன்றரை. பூமியில் வாழ்வதாலேயே நமக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 கிடைக்கிறது. பயந்து தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போடவும் வேண்டாம், நச்சரித்துத் தேவையில்லாததை எடுக்கவும் வேண்டாம். நாட்டில் எந்த சி.டி. கருவியும் இயங்க அனுமதி தரும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் செம்பூரைத் தாண்டி அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. ஸ்கேன் சென்டரில் அதன் உரிமச் சான்று இருக்கிறதா என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

கணினியே படம் பார்த்துவிடும் காலமும் வந்துகொண்டிருக்கிறது. மும்பைக் கம்பெனியான கியூர்.ஏஐ, இந்தியாவின் ஏறக்குறைய இருபது மையங்களிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தலை சி.டி.களைக் கொண்டு தன் நிரலைப் பயிற்றுவித்துச் சோதித்து, ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் அது எவ்வளவு சரியாகப் பிடிக்கிறது என்பதை 2018இல் லான்செட்டில் வெளியிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு வரிசையில் கிடக்கும் முப்பது படங்களில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று ஒரு நிரல் சுட்டிக்காட்டினால், களைத்துப்போன ரெசிடென்ட் டாக்டருக்கு அது பெரிய துணை. மனமாற வரவேற்கிறேன். ஆனால் வலிப்போடு வந்த அந்தப் பையனுக்கு இதற்கு முன் காய்ச்சல் இருந்ததா, வீட்டில் யாருக்காவது டி.பி. வந்ததா, எடை குறைந்ததா என்று நிரல் கேட்காது. யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும், அவன் பேசும் மொழியில். திருநெல்வேலித் தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிக்கும் மராத்தி பேசும் டாக்டருக்கும் நடுவில் நின்று பேசிக்கொடுக்கும் பக்கத்துப் படுக்கைக்காரம்மா, பல நேரங்களில் நோயறிதலில் பாதி வேலையைச் செய்துவிடுகிறார்.

நோயாளியின் வீட்டார் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பழைய ஃபிலிமைத் தூக்கி எறியாதீர்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படமே வேண்டும். படத்தைப் பதிந்து கொடுக்கும் டிஸ்க் இருந்தால் இன்னும் நல்லது. நுரையீரலில் எட்டு மில்லிமீட்டர் முடிச்சு ஒன்று இன்று தெரிகிறது என்றால், டாக்டர் முதலில் தேடுவது அது முன்பும் இருந்ததா என்பதைத்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே எட்டு இருந்தால், அது பெரும்பாலும் பழைய வடு. பேசாமல் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தப் படம் இல்லையென்றால் மூன்று மாதம் காத்திருந்து மறு ஸ்கேன் எடுக்க வேண்டும். சந்தேகம் வலுத்தால் விலாவுக்கு நடுவே ஊசி செலுத்திச் சதை எடுக்க வேண்டும். அதற்குள் வேலைக்கு எத்தனை நாள் லீவு, வீட்டில் எத்தனை பேர் தூக்கம் இழப்பு என்பதைத் தாராவியில் தினக்கூலிக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.